ஓரத்தில் புலி, நடுவில் வெற்றிடம்

2024 ஜனவரி 25ஆம் நாள் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டத்தில் தென்கொரியாவை மலேசியா 3–3 எனச் சமநிலையில் நிறுத்தியதை இந்நாட்டுக் காற்பந்து ரசிகர்கள் இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள். பேசத் தகுந்த ஆட்டம்தான். சோன் ஹியூங் மின்னும் லீ காங் இன்னும் இறங்கிய ஓர் அணிக்கு எதிராக, கடைசி மூச்சில், 105ஆவது நிமிடத்தில் சமன் கோல் போடுவது எளிய காரியமல்ல. ஆனால் அந்த மூன்று கோல்களையும் யார் போட்டார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் கோல் ஃபைசால் ஹாலிமுடையது. இரண்டாவது, அரிஃப் ஐமான் தாமே சம்பாதித்துத் தாமே அடித்த பெனால்டி. இருவரும் திடலின் ஓரங்களில் ஆடிப் பழகியவர்கள். மூன்றாவது கோலைப் போட்ட ரோமெல் மொராலெஸ் நடுத் தாக்குதல் ஆட்டக்காரர்; கொலம்பியாவில் பிறந்து, இங்குள்ள கிளப்களில் பல ஆண்டுகள் ஆடி, அதன் பிறகு மலேசியக் குடியுரிமை பெற்றவர். நாம் வளர்த்தவர்கள் ஓரத்தில் நின்றார்கள். நடுவில் நின்றவரை வேறொரு நாடு வளர்த்திருந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 10ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4–0 என வீழ்த்தியபோது இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. அன்று கோல் போட்டவர்கள் ஜோவாவ் ஃபிகுவெரெடோ, ரொட்ரிகோ ஹொல்காடோ, லாவெர் கோர்பின் ஓங், டியோன் கூல்ஸ் ஆகிய நால்வர். கூல்ஸ் கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். கோர்பின் ஓங் லண்டனில் பிறந்தவர். மற்ற இருவரையும் பற்றிப் பின்னர் பார்ப்போம். நால்வரில் ஒருவர்கூட மலேசியத் திடலில் காற்பந்து கற்றவரல்லர். அந்த வெற்றியைக் கொண்டாடிய எண்பதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கத்தில் இந்தக் கேள்வி அன்று எழவில்லை. சில மாதங்களில் அது ஃபிஃபாவின் கோப்பாகவே வந்து விழுந்தது.

தேசிய அணி தோற்கும்போதெல்லாம் நாம் பயிற்றுநரைப் பார்க்கிறோம். ராஜகோபாலுக்குப் பின் டோல்லா சாலே, ஓங் கிம் சுவீ, நெலோ விங்காடா, டான் செங் ஹோ, கிம் பான் கோன், பாவ் மார்ட்டி, பீட்டர் கிளாமோவ்ஸ்கி என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வியூகத்தோடு வந்தார்கள். ஆனால் அணி தடுமாறும் இடம் மாறவில்லை. ஹரிமாவ் மலாயா எனப்படும் தேசிய அணியின் ஆட்டக் குறை கரும்பலகையில் வரையும் கோடுகளில் இல்லை. கோல் காவலர் முதல் நடுத் தற்காப்பு, நடுத்திடல், நடுத் தாக்குதல் வரை நேர்கோட்டில் நிற்கும் இடங்களில் இருக்கிறது. அந்த இடங்களுக்கு நம் பிள்ளைகளைத் தயார்படுத்தும் ஆண்டுகளை, அதாவது 18 வயதுக்கும் 23 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை, நம் உள்நாட்டு லீக் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. இதுவே என் வாதம்.

முதலில் திடலில் நடப்பதைப் பார்ப்போம். கத்தாரில் நடந்த அதே ஆசியக் கிண்ணத்தில் நம் முதல் ஆட்டத்தில் ஜோர்டான் 32 நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள் போட்டு, முடிவில் 4–0 என வென்றது. கிம் பான் கோன் அமைத்த ஆட்டம் துணிச்சலானது. எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்க வேண்டும். பறித்த பந்தை ஓரங்களுக்குக் கொண்டுசென்று வேகமாகத் தாக்க வேண்டும். ஆனால் நெருக்குவதில் ஒருவர் ஒரு நொடி தாமதித்தாலும் அவருக்குப் பின்னால் பெரும் வெற்றிடம் திறந்துவிடும். அதை அடைக்க வேண்டியவர்கள் நடுத்திடலில் நிற்பவர்களும் நடுத் தற்காப்பாளர்களும்தான். ஜோர்டானின் மூசா அல் தமாரி அந்த வெற்றிடத்தில் விருப்பம்போல ஓடினார். ஜோர்டான் பிறகு இறுதியாட்டம் வரை சென்ற அணி என்பது உண்மை. ஆனால் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், நமக்கு எட்டக்கூடிய கிர்கிஸ்தானிடம் சொந்த மண்ணிலேயே 1–3 எனப் பின்தங்கி, பிறகு 4–3 என மீண்டதை நினைத்துப் பாருங்கள். மீண்ட வீரம் பாராட்டுக்குரியது. மூன்று கோல் வாங்கிய விதம் ஜோர்டான் ஆட்டத்தில் கண்ட அதே நோய்.

தாக்குதல் பக்கமும் அப்படித்தான். அதே தகுதிச் சுற்றில் 2024 மார்ச்சில் ஓமானை இருமுறை சந்தித்தோம். மஸ்கட்டில் 0–2, புக்கிட் ஜாலிலில் 0–2. நூற்றெண்பது நிமிடங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஓமான் நடுத்திடலை அடைத்து, பந்தை ஓரத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஓரத்திலிருந்து நாம் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டோம். பெட்டிக்குள் இரு தற்காப்பாளர்களுக்கு நடுவே முதுகு காட்டி நின்று பந்தைப் பிடித்து, திரும்பி அடிக்கும் ஆள் நமக்கு இல்லை. அந்தப் பிரிவில் மலேசியா 10 புள்ளிகளோடு மூன்றாவதாக முடித்தது. கிர்கிஸ்தான் 11 புள்ளிகளோடு அடுத்த சுற்றுக்குப் போனது. ஓமானிடம் ஒரே ஒரு ஆட்டத்தைச் சமன் செய்திருந்தாலும் புள்ளி கிர்கிஸ்தானுக்கு இணையாக வந்திருக்கும். ஆசியக் கிண்ணத்தில் பஹ்ரைனிடம் 95ஆவது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எப்போது பந்தை வைத்துக்கொள்வது, எப்போது தூர அடிப்பது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்று தீர்மானிப்பவர்கள் நடுவில் நிற்பவர்கள். அந்தத் தீர்மானத்தைப் பயிற்சி முகாமில் பத்து நாளில் சொல்லிக் கொடுக்க முடியாது. பெரியவர்களோடு, சம்பளத்துக்கும் புள்ளிக்கும் ஆடும் நூறு ஆட்டங்களில் தவறு செய்து செய்துதான் அது வரும்.

இப்போது நம் லீக்கைப் பாருங்கள். ஒரு கிளப் வெளிநாட்டவருக்குப் பணம் கொடுக்கும்போது அவரை எந்த இடத்தில் நிறுத்தும்? கோல் போடும் இடம், கோலைத் தடுக்கும் இடம், ஆட்டத்தை இயக்கும் இடம். கொடுத்த காசுக்குப் பலன் அங்கேதான் உடனே தெரியும். ஆகவே நடுத் தாக்குதல், நடுத் தற்காப்பு, நடுத்திடல் மூன்றும் வெளிநாட்டவருக்குப் போகின்றன. உள்ளூர்ப் பையனுக்கு மிஞ்சுவது ஓரத்துத் தாக்குதலும் ஓரத்துத் தற்காப்பும்தான். கடந்த பத்தாண்டுகளில் மலேசியா உருவாக்கிய சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர்களின் பட்டியலைப் பாருங்கள்: சஃபாவி ரசீட், அக்யார் ரசீட், ஃபைசால் ஹாலிம், அரிஃப் ஐமான். நால்வரும் ஓரத்தவர்கள். இதை இயற்கை தந்த வரம் என்று சிலர் நினைக்கிறார்கள். மலேசியர்கள் சிறுத்த உடலும் வேகமும் கொண்டவர்கள், ஓரம்தான் நமக்குப் பொருந்தும் என்கிறார்கள். அப்படியானால் மொக்தார் டஹாரியை எந்தக் கணக்கில் வைப்பது? 89 கோல்கள் போட்ட அந்த செத்தாபாக் பையன் நடுவில் நின்று ஆசியாவை மிரட்டியவர். உடல்வாகு மாறவில்லை. இடம் பறிபோயிருக்கிறது.

இதற்குச் சான்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 2009 முதல் 2011 வரை மூன்று பருவங்களுக்கு மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் சூப்பர் லீக்கில் அதிக கோல் போட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். 2010இல் அஷாரி சம்சுடின், 2011இல் ஹாடி யஹ்யா. 2012இல் தடை நீங்கியதற்குப் பின் அந்தப் பட்டியலின் உச்சியில் வெளியிலிருந்து வந்தவர்களின் பெயர்களே. தடை இருந்த அதே காலத்தில் மலேசியக் காற்பந்துச் சங்கமான எஃப்.ஏ.எம். நடத்திய ஹரிமாவ் மூடா என்ற இளையோர் அணி, ஆண்கள் ஆடும் பிரீமியர் லீக்கில் இறங்கி 2009இல் அதை வென்றது. பிறகு சிங்கப்பூர் லீக்கிலும் ஆடியது. இந்த இரண்டும் சேர்ந்த காலத்தின் விளைச்சல் என்ன? 2009இல் லாவோசில் சீ விளையாட்டுத் தங்கம், அதுவும் இருபது ஆண்டுகளுக்குப் பின். 2010இல் கே. ராஜகோபாலின் பயிற்சியில் சுசுகி கிண்ணம் எனப்பட்ட தென்கிழக்காசியக் கிண்ணம். இறுதியில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் மொத்தம் 4–2 என வென்றோம், நடுத் தாக்குதலில் நின்ற சாஃபீ சாலி ஐந்து கோல்களோடு அந்தப் போட்டியின் முதல்வரானார். 2011இல் ஜகார்த்தாவில் மீண்டும் சீ விளையாட்டுத் தங்கம். மூன்று ஆண்டுகள், மூன்று பட்டங்கள். அதற்குப் பிந்தைய காலத்தில் 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதி வரை போனோம், வெல்லவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. ஹரிமாவ் மூடா 2015 இறுதி வரை இருந்தது. அதே 2015இல்தான் மூத்த அணி பாலஸ்தீனத்திடம் 0–6 என்றும் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0–10 என்றும் தோற்றது. இளையோர் திட்டம் இருந்தும் ஏன் அந்தச் சரிவு? காரணம், ஹரிமாவ் மூடாவிலிருந்து வெளியே வந்தவர்கள் போய்ச் சேர்ந்த லீக் அப்போது பழைய லீக் அல்ல. 21 வயதில் தங்கம் வென்ற பையன் 23 வயதில் கிளப்புக்குப் போனபோது அவனுடைய இடத்தில் வெளிநாட்டவர் நின்றார். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். திட்டத்தின் முதல் பாதி வேலை செய்தது. இரண்டாம் பாதியை நாமே அறுத்துவிட்டோம். பிறகு 2015 நவம்பரில் முதல் பாதியையும் கலைத்தோம். 2018 மார்ச்சில் மலேசியா ஃபிஃபா தரவரிசையில் 178ஆம் இடத்துக்கு இறங்கியது. 1993இல் 75ஆம் இடத்தில் இருந்த நாடு இது.

18 வயதுக்கும் 23 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் மதிப்பை இரண்டு இளைஞர்களின் வாழ்க்கை காட்டிவிடும். லுக்மான் ஹக்கிமும் அரிஃப் ஐமானும் 2002இல் பிறந்தவர்கள். 16 வயதில் இவர்களில் யார் பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்று கேட்டிருந்தால், அனைவரும் லுக்மானைத்தான் சொல்லியிருப்பார்கள். கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி அகாடமியில் வளர்ந்த நடுத் தாக்குதல் ஆட்டக்காரர் அவர். 2018ஆம் ஆண்டின் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் ஐந்து கோல்கள் போட்டவர். பிரிட்டனின் கார்டியன் நாளேடு 2019இல் வெளியிட்ட உலகின் 60 இளம் நம்பிக்கைகள் பட்டியலில் இடம்பெற்றவர். 2020இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப்புக்குப் போனார். அங்கே முதல் அணியில் ஆடக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். ஐஸ்லாந்துக்கும் ஜப்பானுக்கும் இரவல் அனுப்பப்பட்டு, வளர வேண்டிய வயதைக் காத்திருந்தே கழித்தார். அரிஃப் ஐமான் இங்கேயே ஜேடிடி எனப்படும் ஜொகூர் டாருல் தக்சிம் அணியில் தங்கினார், வாராவாரம் ஆடினார், 19 வயதில், 2021இல், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். வெளிநாடு போவது தவறு என்று நான் சொல்லவில்லை. போன இடத்தில் ஆடக் கிடைத்ததா என்பதே கேள்வி. இன்னொன்றையும் கவனியுங்கள். அரிஃப் ஓரத்து ஆட்டக்காரர் என்பதால் ஜேடிடியில் அவருக்கு இடம் இருந்தது. லுக்மான் இங்கேயே தங்கியிருந்தாலும், அதே அணியில் நடுத் தாக்குதலில் பிரேசிலில் பிறந்த பெர்க்சன் இருக்கும்போது அவருக்கு எத்தனை ஆட்டம் கிடைத்திருக்கும்?

நிலைமை இப்போது மேலும் இறுகியிருக்கிறது. 2022 பருவத்தோடு இரண்டாம் நிலையான பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டது. ஜேடிடி, சிலாங்கூர், திரங்கானு போன்ற பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகள் அங்கேதான் முதிர்ந்த ஆட்டக்காரர்களோடு மோதிப் பழகின. அதற்குப் பதிலாக 2023இல் வந்த எம்எஃப்எல் கிண்ணம் இளையோர் தங்களுக்குள்ளேயே பெரும்பாலும் ஆடும் போட்டி. முப்பது வயதுத் தற்காப்பாளரின் தோளில் மோதி விழுந்து எழும் அனுபவம் அதில் கிடைக்காது. மறுபுறம், 2025–26 பருவத்தில் ஒரு சூப்பர் லீக் கிளப் 15 வெளிநாட்டவர் வரை பதிவு செய்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது. அதே பருவத் தொடக்கத்தில் பேராக், கெடா, ஸ்ரீ பகாங் ஆகிய பழம்பெரும் பெயர்கள் லீக்கிலிருந்து மறைந்தன. சம்பள பாக்கியும் கடனும் கிளப்களை விழுங்குகின்றன. கிளப் மூடும்போது முதலில் தெருவுக்கு வருபவன் இருபது வயதுப் பையன்தான். அனுபவசாலிக்கு அடுத்த கிளப் கிடைத்துவிடும்.

இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் குடியுரிமை வழி தேடப்பட்டது. இங்கே ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் வாழ்ந்து, ஆடி, முறைப்படி குடியுரிமை பெற்றவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 2025 செப்டம்பரில் ஃபிஃபா வெளியிட்ட முடிவு வேறு வகை. ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலியானவை என்றும், மூலப் பதிவுகளின்படி அவர்கள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் என்றும் அது அறிவித்தது. ஃபிகுவெரெடோவும் ஹொல்காடோவும் அந்த எழுவரில் இருவர். எழுவருக்கும் 12 மாதத் தடை, எஃப்.ஏ.எம்.முக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீட்டுக் குழுவும் அதை உறுதிசெய்தது. வழக்கு லௌசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. யார் தவறு செய்தார்கள் என்பதை விசாரணைகள் சொல்லட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த எழுவரில் பெரும்பாலோர் எந்த இடங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்? நடுத் தற்காப்புக்கு ஃபகுண்டோ கார்செஸ், ஜோன் இராசாபால். நடுத்திடலுக்கு ஹெக்டர் ஹெவல். தாக்குதலுக்கு ஹொல்காடோ, ஃபிகுவெரெடோ. நாம் எதை வளர்க்கவில்லையோ அதையே வெளியிலிருந்து கொண்டுவந்தோம்.

இந்தோனேசியாவைப் பாருங்கள், டச்சு மண்ணில் வளர்ந்தவர்களை வைத்து உலகக் கிண்ணத் தகுதியின் நான்காம் சுற்று வரை போகவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. போனார்கள். அவர்களுக்கு நெதர்லாந்தில் உண்மையான வம்சாவளியினர் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். அது வரலாறு தந்த இருப்பு. நமக்கு அந்த இருப்பு இல்லை. அவர்களும் 2025 அக்டோபரில் சவூதியிடமும் ஈராக்கிடமும் தோற்று அங்கேயே நின்றார்கள். நமக்குப் பாடம் தரக்கூடிய அண்டை நாடு வியட்நாம். ஹோவாங் அன் ஜியா லாய் கிளப் 2007இல் அகாடமி தொடங்கியது; 2015இல் அதன் முதல் தொகுதிப் பிள்ளைகளை அப்படியே வியட்நாமின் முதல்நிலை லீக்கில் இறக்கியது. அந்தக் கிளப் அந்த ஆண்டுகளில் பட்டம் எதுவும் வெல்லவில்லை, கீழ்நிலையில் தவித்தது. ஆனால் அந்தத் தலைமுறையும் ஹனோயில் வளர்ந்த குவாங் ஹாய் போன்றவர்களும் சேர்ந்த அணி 2018 ஜனவரியில் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியின் இறுதிக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நம்மிடமிருந்துதான் தட்டிச் சென்றது. 2019 ஆசியக் கிண்ணத்தில் காலிறுதி கண்டது. அந்த 2018 ஜனவரிப் போட்டியில் நம் பிள்ளைகளும் சவூதியை வென்று காலிறுதிக்கு வந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். தென்கொரியாவிடம் 1–2 எனத்தான் தோற்றார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவர் நம் தனபாலன். தொடக்கக் கோட்டில் நாம் வியட்நாமுக்கு வெகுதூரம் பின்னால் இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய பையன்கள் ஆடினார்கள்; நம் பையன்களில் பலர் உட்கார்ந்திருந்தார்கள். 2024இல் அதே போட்டியில் நம் இளையோர் உஸ்பெகிஸ்தான், வியட்நாம், குவைத் என மூவரிடமும் தோற்றுத் திரும்பினார்கள்.

வெளிநாட்டவர் வந்தால்தான் லீக்கின் தரம் உயரும், உயர்ந்த லீக்கில் ஆடினால்தான் உள்ளூர்ப் பையனும் உயர்வான் என்பது அடுத்த வாதம். ஜேடிடி 2022இலும் 2024–25இலும் ஆசியாவின் உச்சக் கிளப் போட்டியில் கடைசி 16 அணிகளுள் ஒன்றாக வந்தது பெருமைக்குரியது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் 2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கிளப் வெல்லும் லீக்கில், அந்தக் கிளப்பின் தரத்தை முழு லீக்கின் தரமாக எண்ணுவது தவறு. சிறந்த வெளிநாட்டவருக்குப் பக்கத்தில் நின்று ஆடும் பையன் கற்றுக்கொள்வான். அவரால் பெஞ்சில் உட்கார நேரும் பையன் கற்றுக்கொள்ள மாட்டான். 2009போல முழுத் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது இரண்டு: வெளிநாட்டவரின் எண்ணிக்கை குறைய வேண்டும், இளையோருக்கு ஆட்ட நேரம் உறுதியாக வேண்டும்.

உடனே ஓர் எச்சரிக்கை வரும்: விதி போட்டால் கிளப்கள் ஓட்டை கண்டுபிடிக்கும். சீனாவில் அப்படித்தான் நடந்தது. 23 வயதுக்குட்பட்டவரைத் தொடக்க அணியில் நிறுத்த வேண்டும் என்றதும், சில பயிற்றுநர்கள் அவரை முதல் சில நிமிடங்களிலேயே வெளியே எடுத்தார்கள். ஆனால் கொரியா 2021இல் வேறு வழி கண்டது. 22 வயதுக்குட்பட்டவர்களைப் பயன்படுத்தும் கிளப்புக்கே ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் உரிமை முழுமையாகக் கிடைத்தது. பயன்படுத்தாத கிளப்புக்கு அந்த எண்ணிக்கை குறைந்தது. கட்டாயப்படுத்துவதைவிட, ஆடவைக்கும் பயிற்றுநருக்கு ஆதாயம் தருவது பலிக்கும். நம் லீக் ஒளிபரப்பு வருமானத்தின் ஒரு பகுதியையும் இப்படிப் பிரிக்கலாம்: 21 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர் ஆடிய நிமிடங்களுக்கு ஏற்பப் பணம், அவர் நடுத் தற்காப்பிலோ நடுத்திடலிலோ நடுத் தாக்குதலிலோ ஆடினால் இரட்டிப்புப் பணம். கடனில் தத்தளிக்கும் கிளப்புக்கு இது தண்டனையாக இராது. பிழைக்கும் வழியாக அமையும். ஆண்கள் ஆடும் இரண்டாம் நிலை லீக் மீண்டும் முறையாக நிமிர வேண்டும்; அதில் பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகளுக்கு இடம் வேண்டும். இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 2022 வரை நம்மிடம் இருந்ததுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த விவகாரம் இன்னொரு வகையில் நெருக்கமானது. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மெர்டேக்கா அரங்கத்தில் எழுபதுகளில் ஆடிய தேசிய அணியின் நடுக்கோடு எப்படி இருந்தது? கோலில் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும், முன்னால் மொக்தார். அவர்களுக்குச் சற்று முன், 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன அணியின் தற்காப்பில் எம். சந்திரன். 1980இல் அதே அரங்கத்தில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம், புறக்கணிப்பால் போகவில்லை. இந்தியர்கள் அன்று ஓரத்தில் நிற்கவில்லை. அணியின் நடுவில் நின்றார்கள். அவர்களைப் போன்ற பலரை வளர்த்தவை தோட்டத் திடல்கள். தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. ஞாயிறுதோறும் ஆட்டம் இருந்தது. பதினாறு வயதுப் பையன் முப்பது வயது வெட்டு மரக்காரரோடு மோதி ஆடினான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது வீடு ஒருவாறு கிடைத்தது, திடல் கிடைக்கவில்லை. இன்று பல இடங்களில் பையன்கள் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துக் கூரைக்குள் ஃபுட்சால் ஆடுகிறார்கள். பந்தைத் தொடும் நுணுக்கம் அதில் வரும். நூறு மீட்டர் நீளத் திடலில் எங்கே நிற்பது என்ற அறிவு வராது.

சமூகம் சும்மா இருந்துவிடவும் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபா 2017இல் பிரீமியர் லீக்கில் அணி இறக்கியது. அந்த அணியே பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்தது. 2021, 2022 பருவங்களில் வெளிநாட்டவர் ஒருவரும் இல்லாமல் உள்ளூர்க்காரர்களை மட்டுமே கொண்டு ஆடிய அணி அது. பட்டம் வெல்லவில்லை, ஆனால் பி. மணியத்தின் பயிற்சியில் அந்த அணி சூப்பர் லீக்கில் நிலைத்து நின்றது. அங்கே நடுத் தாக்குதலில் வாராவாரம் ஆடிய டேரன் லோக் மீண்டும் தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். அங்கே வளர்ந்த இளம் தற்காப்பாளர் வி. ருவெந்திரன் தேசியச் சீருடை அணிந்தார். ஆட்ட நேரம் கொடுத்தால் ஆட்டக்காரர் வருவார் என்பதற்கு இதைவிட அருகில் சான்று வேண்டுமா? 2022 பருவத்தோடு அந்தக் கிளப் விலகியது. ஒரு நிறுவனத்தின் பணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு இரண்டு பருவங்களில் முடிந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க லீக்கிலோ எஃப்.ஏ.எம்.மிலோ எந்த ஏற்பாடும் இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். உள்ளூர்ப் பையன்களை மட்டும் ஆடவைத்ததற்காக அந்த அணிக்கு ஒரு ரிங்கிட்டாவது கூடுதலாகக் கிடைக்கும் விதி இருந்திருந்தால், கதை வேறாகியிருக்கலாம்.

தேசிய அணித் தேர்வில் இந்தியப் பிள்ளைகள் ஒதுக்கப்படுகிறார்கள் என்ற குறை நம்மிடையே அடிக்கடி எழுகிறது. அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் தேர்வு நடப்பதற்கு முன்பே, லீக்கில் ஆடும் உள்ளூர்க்காரர்களின் எண்ணிக்கையே சுருங்கிவிட்டது. சிறிய வட்டத்துக்குள் எந்த இனத்துப் பிள்ளைக்கும் இடம் குறைவு. சிறுபான்மைப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. வட்டத்தைப் பெரிதாக்கும் போராட்டத்தில் மலாய், சீன, இந்தியப் பெற்றோர் அனைவருக்கும் ஒரே நலன்தான். நம் சங்கங்கள் தீபாவளிக்கு ஒரு நாள் கிண்ணப் போட்டி நடத்துவதோடு நின்றுவிடாமல், ஆண்டு முழுவதும் நடக்கும் வட்டார லீக் ஒன்றுக்கு அந்தப் பணத்தைத் திருப்ப வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் திடல் நிலத்தைக் கட்டடத்துக்குக் கொடுக்கும் முடிவு வரும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எழுந்து கேட்க வேண்டும்.

எஃப்.ஏ.எம். பொறுப்பில் யார் அமர்ந்தாலும், மலேசிய லீக் நிர்வாகத்தில் யார் இருந்தாலும், அவர்களிடம் கேட்க வேண்டியது அடுத்த பயிற்றுநர் யார் என்பதல்ல. 21 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர்கள் கடந்த பருவத்தில் நடுத் தற்காப்பிலும் நடுத்திடலிலும் நடுத் தாக்குதலிலும் மொத்தம் எத்தனை நிமிடங்கள் ஆடினார்கள் என்ற கணக்கை, கிளப் வாரியாக, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அவர்கள் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வெளியாகும் வரை, தேசிய அணியின் எந்த வெற்றியையும் வளர்ச்சி என்று ஏற்க வேண்டாம் என இந்நாட்டு ரசிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.